செல்லாத அப்பம்

இந்தச் சுவிசேஷத் தாளை நீங்களே வச்சுக்கோங்க தம்பி. கோபத்துல சொல்லல. ரெண்டு பக்கமும் படிச்சுப் பாத்துட்டுத்தான் திருப்பித் தர்றேன். பின்பக்கம் மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு, அச்சுக்காரர்ட்ட சொல்லிருங்க. மத்தபடி நல்ல தாள்.

என்ன கேட்டீங்க? ஆண்டவரைத் தெரியுமாவா? எனக்கா? தம்பி, உங்க வயசைப் போல ரெண்டு மடங்கு காலம் அவர் வீட்டுல வேலை பாத்தவன் நான். செம்மணல்விளைக் கோயில்ல நற்கருணை மேசைக்கு அப்பம் வெட்டினது யாருன்னு போய்க் கேளுங்க. ஞானாபரணம்னு சொல்லுவாங்க. இப்போ சொல்லுவாங்களோ என்னமோ. விட்டு வந்துட்டேன். பின்வாங்கிப் போனவன்னு உங்க ஆளுங்க ஒரு பேர் வச்சிருக்கீங்கள்ல, அதுதான் நான்.

உட்காருங்க, எழுந்திரிக்காதீங்க. நான் சாதாரணமா யார்கிட்டயும் வாயைத் திறக்கிற ஆள் இல்ல. கடையில சில்லறை குறைஞ்சாக்கூட கேட்க வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல வந்து புலம்புவேன். எங்க வீட்டுக்காரி அப்புறம் போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வருவா. நீங்களா வந்து பக்கத்துல உட்கார்ந்து, நீங்களா கேட்டீங்க. அப்ப முழுசாக் கேளுங்க.

உடன்குடிக்குப் போறேன். அங்க என் கொழுந்தியா இருக்கா, எங்க வீட்டுக்காரிக்கு நேர் தங்கச்சி. தங்கபுஷ்பம்னு பேரு. ஈரல் கெட்டுப்போச்சு, டாக்டர் கையை விரிச்சாச்சு. அவ என்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லிவிட்டிருக்கா. மாட்டேன்னு சொல்லத்தான் போறேன். போன்லயே சொல்லிருக்கலாம். ஆனா சாகக் கிடக்கிறவகிட்ட மாட்டேன்னு சொல்றதுன்னா முகத்தைப் பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான் இந்த வெயில்ல பஸ் ஏறினேன்.

அவ என்ன கேட்டான்னு சொல்லணும்னா அவ அக்கா செத்த கதையைச் சொல்லணும்.

அக்கா பேரு சுகிர்தம். என் பொண்டாட்டி. சர்க்கரை வந்து முதல்ல கண்ணு போச்சு, அப்புறம் கிட்னி போச்சு. ஆஸ்பத்திரியில, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவங்க ஆசைப்பட்டதைக் கொடுங்கன்னு சொல்லிட்டாங்க. ஆசைப்பட்டதைன்னா என்ன? நான் லட்டு, ஜிலேபின்னு நினைச்சேன். இவ்வளவு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தவதானே. கேட்டேன். ‘என்ன வேணும் உனக்கு?’

‘அய்யரைக் கூட்டிட்டு வாங்க. நற்கருணை எடுக்கணும்’னா.

உங்க ஆளுங்க பாஸ்டர்ம்பாங்க, நாங்க அய்யர்ம்போம். எங்க அய்யர் பேரு ஜோதிராஜ். அந்தச் சமயம் சபைத் தேர்தல். ரெண்டு அணி. ஒரு அணி அய்யருக்கு வேண்டியது, இன்னொண்ணு வேண்டாதது. எங்க மகன் எபனேசர் வேண்டாத அணிக்கு நோட்டீஸ் ஒட்டிட்டான். நான் அணியிலயும் இல்ல, சண்டையிலயும் இல்ல. ஆனா யார் கேட்கிறாங்க? ஞானாபரணம் வீடுன்னா அந்த அணி. முடிஞ்சுது.

முதல் தடவை போனேன். ‘சாயங்காலம் வர்றேன்’ன்னார். வரல. ரெண்டாவது தடவை போனேன். ‘நாளைக்கு வர்றேன்’ன்னார். வரல. மூணாவது தடவை போனப்ப வாசல்ல நாலு கார் நிக்குது. அய்யருக்கு ஒத்தாசையா இருக்கிற உபதேசியார் வெளிய வந்து, ‘அண்ணாச்சி, அய்யர் கூட்டத்துல இருக்கார், இப்பப் பாக்க முடியாது’ன்னார்.

‘அவளுக்கு நேரம் இல்ல உபதேசியாரே.’

‘நான் சொல்லிப் பாக்கிறேன்.’

‘நீங்களாவது வந்து கொடுங்களேன்.’

‘நான் எப்படிக் கொடுக்க முடியும்? உங்களுக்குத் தெரியாததா?’

தெரியாததான்னு என்கிட்டக் கேட்கிறார். எனக்குத் தெரியாததா? பேராயர் கைவச்சு அபிஷேகம் பண்ணின குருவானவர்தான் கொடுக்கணும். மத்தவன் கொடுத்தா அது ரொட்டி. முன்னாடி ஒரு உபதேசியார் இருந்தார். பெத்தேல் தெருவுல ஒரு கிழவி இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப, மேசையில மிஞ்சின அப்பத்தை எடுத்துட்டுக் கிளம்பினார். நான்தான் கோயில் வாசல்லயே மறிச்சு, அய்யர்ட்ட சொல்லி நிறுத்தினேன். கிழவி அப்படியே போயிட்டா. வருத்தம்தான். ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? நான் வத்தல் கமிஷன் கடையில தராசுல நின்னவன் தம்பி. முள்ளு நடுவுல நின்னாத்தான் எடை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்கிற பேச்சே என்கிட்டக் கிடையாது. அப்பம் வெட்டும்போதும் அப்படித்தான். எத்தனை பேர் எழுந்து வருவாங்கன்னு முந்தின ஆராதனையிலயே முகம் பாத்து வச்சிருப்பேன். துண்டு மிஞ்சாது, குறையாது.

வீட்டுக்கு வந்தேன். அவ சத்தத்தைக் கேட்டுட்டா. ‘வந்துட்டாரா?’

‘வர்றாரு’ன்னேன்.

‘எத்தனை வர்றாரு!’ன்னு சிரிச்சா. சிரிக்கும்போது உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு.

அன்னைக்கு மத்தியானம் அவளுக்கு மூச்சு வேற மாதிரி ஆயிருச்சு. எபனேசர் மருந்துக்கு நாசரேத் போயிருந்தான். வீட்டுல யாரும் இல்ல. நான் அடுப்பங்கரைக்குப் போனேன். காஞ்ச திராட்சையை வெந்நீர்ல போட்டு நசுக்கி வடிகட்டினேன். கோயிலுக்கே அப்படித்தான் செய்வோம். ரொட்டி இருந்துச்சு, ஓரம் வெட்டினேன். அளவா ஒரு துண்டு. வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டேன், அய்யர் சட்டைக் கஞ்சி வாசம் வரணும்ல. எபனேசரோட பூட்சை மாட்டிக்கிட்டு வெளிய போய், கேட்டைத் திறந்து சாத்தினேன்.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்ல.

‘வாங்கய்யா, வாங்க’ன்னு நான் என் குரல்ல சொன்னேன். அப்புறம் தொண்டையைக் கனைச்சு, ‘சமாதானம் உண்டாவதாக’ன்னு அய்யர் குரல்ல சொன்னேன். அய்யருக்குக் கரகரன்னு ஒரு குரல், கடைசி எழுத்தை இழுப்பார். அதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துல நின்னு கேட்டவன்ல.

அவ படுத்த இடத்துலயே கை கூப்பினா. ‘அய்யருக்கு நாற்காலி போடுங்க’ன்னா.

‘போட்டாச்சு’ன்னேன் நான். ‘இருக்கட்டும் சகோதரி’ன்னார் அய்யர். அதுவும் நான்தான்.

நற்கருணை வார்த்தைகளை ஒண்ணுவிடாமச் சொன்னேன். அவ மறுமொழி எல்லாத்தையும் சரியாச் சொன்னா. ஒரு இடத்துல நான் தடுமாறிட்டேன். அவ எடுத்துக் கொடுத்தா. அய்யருக்கே எடுத்துக் கொடுக்கிறாளேன்னு நினைச்சேன். துண்டை ரசத்துல தொட்டு வாயில வச்சேன். ரொம்ப நேரம் மென்னா. முழுங்கினா. ‘ஆமென்’னா.

அப்புறம் ஒண்ணு சொன்னா. ‘அய்யரே, எங்க வீட்டுக்காரர் ரொம்ப வெக்கப்படுவார். எனக்கு அப்புறம் யார்கிட்டயும் சோறு கேட்க மாட்டார். பசியோட உட்கார்ந்திருப்பார். நீங்க அவர்ட்ட சொல்லணும், கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்லி.’

நான் என்ன செய்ய? அய்யர் குரல்லயே ‘சொல்றேன் சகோதரி’ன்னேன். இழுக்க வேண்டிய இடத்துல குரல் இழுக்க வரல. பூட்ஸ் சத்தம் கேட்க நடந்து, கேட்டைச் சாத்தி, பின்பக்கமாச் சுத்தி உள்ள வந்தேன். ‘போயிட்டாரா?’ன்னு கேட்டா. ‘போயிட்டாரு’ன்னேன். ‘நல்ல மனுசன்’னா. அய்யரைச் சொல்றா! அந்த ஆளை!

மறுநாள் காலையில தங்கபுஷ்பம் வந்தா. அக்காளும் தங்கச்சியும் என்னை வெளிய போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ள சிரிப்புச் சத்தம். சாகக் கிடக்கிற வீட்டுல என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? எனக்கு அது பிடிக்கல. அன்னைக்குச் சாயங்காலம் சுகிர்தம் போயிட்டா.

அடக்கத்துக்கு அய்யர் வந்தார். அதுக்கு மட்டும் சரியா வந்தார், மாலையோட. ‘சகோதரி ஆயத்தத்தோட போனார்கள்’னு பிரசங்கம் பண்ணினார். ஊரே தலையாட்டுது. நானும் நின்னேன்.

மறைச்சு வைக்க எனக்குத் தெரியாது தம்பி. துக்கம் விசாரிக்கிற கூட்டம் குறைஞ்சதும் நேரா அய்யர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். முழுக் கூத்தையும் சொல்லல. குரலை மாத்தினதை, பூட்ஸ் போட்டதை எல்லாம் எந்த முகத்தோட அந்த மனுசன்கிட்டச் சொல்றது? ‘அய்யா, நீங்க வரல, நான் கொடுத்துட்டேன்’ அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ‘அது செல்லாது, ஞானாபரணம்’னார். ‘அந்த அம்மா நற்கருணை எடுக்கல. ரொட்டிதான் தின்னாங்க.’

ரொட்டிதான் தின்னாங்க. அதே வார்த்தை. அப்புறம், நான் அடுத்த ஞாயிறு சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேட்கணும், கேட்கிற வரைக்கும் மேசைக்கு வரக் கூடாதுன்னு சொன்னார். அது எனக்குப் பெருசாப் படல. ரொட்டிதான் தின்னாங்க, அதுதான் இன்னிக்கு வரைக்கும் இங்க நிக்குது. அவர் சொன்னது சட்டப்படி சரி. அதுதான் என் வயித்தெரிச்சல். சரியான சட்டத்தை அந்த வாய் சொல்லுது பாருங்க! நாலு காரை வாசல்ல நிப்பாட்டிக்கிட்டு அவளைக் காக்க வச்ச வாய். நான் கிளம்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் கோயில் வாசப்படி மிதிக்கல.

ஆனா ஒண்ணு. அய்யர் அவளைக் காக்க வச்சார், ஏமாத்தல. ஏமாத்தினது நான். கண்ணு தெரியாதவளை, சாகப்போற நேரத்துல, என்னை நம்பினவளை. இது என் கூடவே படுத்து எந்திரிக்குது.

விட்டுட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? லேசா இருக்கும்னுதானே? இல்ல தம்பி. மணி அடிச்சா கால் தானா எழுந்திருக்குது. எழுந்து நின்னுக்கிட்டு, எங்க போகன்னு தெரியாம, கொல்லையில போய் வாளியைக் கவிழ்த்து வச்சுட்டு வருவேன். சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னால கண்ணு மூடிக்குது. மூடினா உள்ள யாரும் இல்ல. காலியா இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி இருக்கு.

கடையில எனக்குக் கூட்டாளி ஒருத்தன், சுடலைமாடன்னு பேரு. ‘வே, திருச்செந்தூர் வாரும், முருகன் எவனையும் கேள்வி கேட்க மாட்டான்’னு கூட்டிட்டுப் போனான். போனேன். கடல் நல்லா இருந்துச்சு. சன்னிதியில நின்னேன். எல்லாரும் கையைத் தூக்குறாங்க, எனக்குக் கை தூக்க வரல. பழைய முதலாளிகிட்டச் சண்டை போட்டுட்டுப் புது முதலாளி கடை வாசல்ல வேலை கேட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து சுடலைமாடன் ‘எப்படி வே இருந்துச்சு?’ன்னான். ‘கூட்டம்’னேன். திட்டினான்.

அப்புறம் சாமியே இல்லன்னு பேசுறவங்க கூட்டத்துக்கு ஒருநாள் போய் உட்கார்ந்தேன். மேடையில ஒருத்தர் நல்லாத்தான் பேசினார். ஆனா அவரும் கடைசி எழுத்தை இழுக்கிறார். எழுந்து வந்துட்டேன்.

இப்ப என்ன செய்யிறேன்னா, சாயங்காலம் பேச்சிமுத்து டீக்கடைக்குப் போவேன். ஒரு பன்னு வாங்குவேன். ரெண்டாப் பிப்பேன், ரெண்டும் ஒரே அளவா இருக்கணும். ஒண்ணு எனக்கு. ஒண்ணு பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்களோ அவங்களுக்கு. லாரிக்காரனா இருக்கும், குடிகாரனா இருக்கும். முதல்ல எல்லாரும் சந்தேகமாப் பாத்தாங்க, இப்ப பழகிப்போச்சு. யாரும் இல்லன்னா நாய்க்கு. தின்னுக்கிட்டே அன்னைக்கு எனக்கு யார் யார் என்ன செஞ்சாங்கன்னு மனசுக்குள்ள வரிசையாச் சொல்லுவேன். மருமக பியூலா சட்டை துவைச்சா. பஸ்ஸுல ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்துச்சு. இப்படி. ஒருத்தரையும் விடக் கூடாது. கடைசியில சுகிர்தம். அவ்வளவுதான். ஆமென் தொண்டை வரைக்கும் வரும், டீயை ஊத்தி உள்ள தள்ளிருவேன்.

என்ன? அதுதான் நற்கருணையா? ஏன் தம்பி உங்களுக்கு எதைப் பாத்தாலும் அதுவாவே தெரியுது? அது பன்னு. பேச்சிமுத்துக் கடைப் பன்னு. ஜெபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜெபம்னா அந்தப் பக்கம் ஒருத்தர் கேட்கணும். இது வெறும் கணக்கு முடிக்கிறது. நான் விட்டுட்டேன்னு சொன்னா நம்புங்க.

மெஞ்ஞானபுரம் கோபுரம் தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான். விஷயத்துக்கு வர்றேன்.

நேத்துக் காலையில தங்கபுஷ்பத்தோட மக போன் பண்ணினா. ஜாஸ்மின். ‘பெரியப்பா, அம்மா நற்கருணை எடுக்கணும்ங்கிறாங்க.’

‘அய்யரைக் கூப்பிடு.’

‘எங்க அய்யர் தங்கமான மனுசன் பெரியப்பா, இப்பவே வர்றேங்கிறார். அம்மாதான் வேண்டாங்காங்க. பெரியம்மாவுக்குக் கொடுத்த மாதிரி நீங்க வந்து கொடுக்கணுமாம்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பாத்தீங்களா? அய்யர் வாய் சும்மா இருக்கல. அவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். பாவ அறிக்கை மாதிரி சொன்னதை எடுத்து ஊர் ஊராப் பரப்பிட்டார். உடன்குடி வரைக்கும் வந்தாச்சு. ஞானாபரணம் அய்யராட்டம் கொடுத்தான்னு எத்தனை வீட்டுல சிரிக்கிறாங்களோ. அதனாலதான் நேர்ல போறேன். ‘தங்கபுஷ்பம், நான் கொடுத்தா அது செல்லாது. உங்க அக்கா ரொட்டிதான் தின்னா. உன்னையும் ஏமாத்த என்னால முடியாது. உங்க அய்யர் நல்லவர்னா அவர்ட்டயே வாங்கிக்கோ’ன்னு சொல்லிட்டு அடுத்த பஸ் ஏறிருவேன். அவ அழுவா. அழட்டும். ஒருத்தியை ஏமாத்தினது போதும்.

இன்னும் கேளுங்க, கேலி அதோட நிக்கல. போனை வைக்கிறதுக்கு முன்னால ஜாஸ்மின் என்ன சொன்னா தெரியுமா? வார்த்தை பிசகாமச் சொல்றேன். ‘பெரியப்பா, நீங்க அய்யர் மாதிரி கரகரன்னு பேச வேண்டாமாம். அம்மா சொல்லச் சொன்னாங்க. சும்மா உங்க குரல்ல சொன்னாப் போதுமாம்.’

எப்படி இருக்கு பாருங்க. சாகுற நேரத்துல நக்கல்.

யாரா? அய்யர்தான் சொல்லியிருப்பார், வேற யாரு? அவர்கிட்டதான…

இல்ல.

இருங்க தம்பி. ஒரு நிமிசம் பேசாதீங்க.

அய்யர்ட்ட நான் குரலைப் பத்திச் சொல்லல. கொடுத்தேன்னு மட்டும்தான் சொன்னேன். எபனேசருக்குத் தெரியாது, அவன் நாசரேத்துல இருந்தான். பியூலா அப்ப பிரசவத்துக்கு அவங்க அம்மா வீட்டுல. சுடலைமாடன்கிட்ட வாயே திறக்கல. இன்னிக்கு உங்ககிட்டத்தான் முதல்தடவையாச் சொல்றேன். அந்த அறைக்குள்ள வேற ஆள் கிடையாது. நான் இருந்தேன். அவ இருந்தா.

அவ தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கா. கதவைச் சாத்திக்கிட்டு.

அதுக்குத்தான் சிரிச்சிருக்காளுக.

அப்ப நாற்காலி போடுங்கன்னது? எடுத்துக் கொடுத்தது? எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்கன்னு சொன்னது யார்கிட்ட? நல்ல மனுசன்னாளே, யாரை? தம்பி, நாப்பது வருசத்துக்கு மேல என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டவ. கண்ணு போனதுக்கப்புறம் நான் எந்த மூலையில நிக்கிறேன்னு செருமலை வச்சே சொல்லிருவா. அவளைப் போய்க் குரலை மாத்தி ஏமாத்திட்டேன்னு நான்… எவ்வளவு பெரிய முட்டாள்!

தெரிஞ்சேதான் வாயைத் திறந்திருக்கா. அய்யர் இல்லன்னு தெரிஞ்சு. நான்தான்னு தெரிஞ்சு.

வேண்டாம், கையைப் பிடிக்காதீங்க. ஆண்டவருடைய நடத்துதல் அது இதுன்னு ஆரம்பிக்காதீங்க, கெட்ட கோபம் வரும். எனக்கு இப்ப யார் மேலன்னு தெரியாமக் கோபம் வருது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ‘எனக்குத் தெரியும்’னு ஒரு வார்த்தை. தங்கச்சிகிட்டச் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? வெக்கப்படுவேன்னு விட்டுட்டாளாம்! விட்டுட்டுப் போயிட்டா. இவ்வளவு காலமா நான் என்னை எத்தன்னு திட்டிக்கிட்டு ஒத்தையில உட்கார்ந்து பன்னைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தத் தங்கபுஷ்பமும் வாயைத் திறக்கலயே. அவளுக்கு அவளோட சாவு வர வேண்டியிருக்கு, எனக்கு இதைச் சொல்றதுக்கு.

இல்ல, நம்பிக்கை எல்லாம் வரல. செல்லுமா செல்லாதான்னு கேட்டா இப்பவும் செல்லாதுன்னுதான் சொல்லுவேன். சட்டம் மாறிருச்சா என்ன? அவளுக்குத்தான் அந்தக் கிறுக்கு. அக்காளும் தங்கச்சியும் ஒரே மாதிரி. செல்லாததுன்னு தெரிஞ்சும் அதுதான் வேணுங்கிறா. தங்கமான அய்யரை வாசல்ல வச்சுக்கிட்டு.

என் குரல்ல எப்படிச் சொல்றது? அந்த வார்த்தைகளை நான் என் குரல்ல ஒரு தடவைகூடச் சொன்னதில்ல தம்பி. பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன், அவரை மாதிரி சொல்லியிருக்கேன். எனக்குன்னு சொன்னா எப்படி வரும்னே தெரியல. சத்தமே வராது. அவ காதைக் கிட்ட வைக்க வேண்டியிருக்கும்.

கண்டக்டர் விசில் ஊதுறார். எந்த இடம் இது? உடன்குடி பஜாரா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனா கடையெல்லாம் பின்னால போயிரும். வழி விடுங்க, இங்கயே இறங்கிக்கிறேன். பையில ஒண்ணுமே இல்லாம வந்துட்டேன், மாட்டேன்னு சொல்ல வந்தவன்ல. ரொட்டி வாங்கணும். கண்டக்டர் தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க, வயசான கால்.

அந்த மூலைக் கடைக்காரன் பழசைத் தலையில கட்டிருவான். தேதி பாத்துத்தான் வாங்கணும்.